நாலாவது நூலுக்குத் தைத்த பாவாடை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பள்ளிக் குழுவின் செயலாளர் நாறும்பூநாதன் அண்ணாச்சி அவர்களே, தென்காசித் தையற்காரர் சங்கத்துப் பெரியவர்களே, இடமில்லாமல் வாசலில் சாரலில் நனைந்து நிற்கும் ஊர்மக்களே, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹைருன் பீவி மாமி அவர்களே, என்னோடு படிக்கும் தோழிகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், என் சலாம்.

என் பெயர் ஜாஹிரா. பதினோராம் வகுப்பு. இந்த இரங்கல் கூட்டத்தில் மாணவிகள் சார்பில் பேச எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழாசிரியை திருத்திக் கொடுத்த தாள் என் பையில் இருக்கிறது. 'தையற்கலைஞர் துல்கர்னைன் அவர்கள் நல்லவர், பொறுமைசாலி, நேரம் தவறாதவர்' என்று அதில் எழுதியிருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் நான் இப்போது படிப்பது அந்தத் தாள் அல்ல. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு அரிக்கேன் விளக்கின் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதிய வேறு தாள். இதில் என்ன இருக்கிறது என்று என் வாப்பாவுக்குத் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. பாதியில் என்னை உட்காரச் சொல்லிவிடாதீர்கள், அது போதும்.

துல்கர்னைன் மாமா யார்? பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டிருந்தவர். அவ்வளவுதானா? இல்லை! எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். யுத்த காலத்தில் பட்டாளத்து உடுப்புக் கிடங்கில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். அங்கே பத்தாயிரம் சிப்பாய்களுக்குச் சட்டை வெட்டுவார்களாம். பத்தாயிரம் பேரையும் நிற்க வைத்து அளந்தார்களா? அளக்கவில்லை! கொஞ்சம் பேரை அளந்தார்கள். மீதிப் பேரைக் கணக்கு சொன்னது. அந்தக் கணக்குக்கான அட்டவணையை ஒரு நோட்டில் கையால் பார்த்து எழுதிக்கொண்டு மாமா ஊருக்குத் திரும்பினார். அவரோடு போனவர்கள் பட்டாளத்திலிருந்து கம்பளி கொண்டுவந்தார்கள், பூட்ஸ் கொண்டுவந்தார்கள். மாமா எண்களைக் கொண்டுவந்தார்!

அந்த எண்களை வைத்து அவர் என்ன செய்தார்? குற்றாலத்தில் சீசன் வந்தால் ஐந்தருவிக்குப் போகும் வழியில் தட்டி கட்டிக் கடை போடுவார். குளிக்க வருகிறவர்களுக்கு டவுசர் விற்பார். அங்கே வருகிறவர் யாரும் முன்னால் அளவு கொடுத்துவிட்டு வருவதில்லை. மற்றக் கடைகளில் எல்லா அளவிலும் பத்துப் பத்துத் தைத்து வைப்பார்கள். நடுத்தர அளவு மூன்றாம் நாளே தீர்ந்துபோகும். ரொம்பச் சின்னதும் ரொம்பப் பெரியதும் சீசன் முடிந்து மழை நின்ற பிறகும் கயிற்றில் தொங்கும். மாமா அப்படித் தைக்க மாட்டார். நடுவில் நிறைய, இரண்டு பக்கமும் போகப் போகக் குறைவு, கடைசியில் ஒன்றே ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்துப் பக்கத்தில் எண்ணெய்க் கடை போட்டிருந்த மசூது மாமா சிரித்திருக்கிறார். அவர் இங்கேதான் இருக்கிறார், நான் சொல்வது தப்பென்றால் திருத்தட்டும்.

"ஏலே துல்கர்னைனு, இது டவுசரா, நெல்லு அள்ளுத சாக்கா? இத மாட்டுதவன் இன்னும் பொறக்கலலே."

"பொறந்தாச்சு மச்சான். பஸ்ஸுல வந்துக்கிட்டிருப்பான். நமக்கு எந்த ஊருக்காரன்னுதான் தெரியாது."

ஆடி பிறந்து நான்காம் நாள் காரிலிருந்து ஒருவர் இறங்கினார். எந்தக் கடையிலும் தன் இடுப்புக்குக் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மாமா கடையில் அதை எடுத்து உதறியதும் அங்கேயே இடுப்பில் வைத்துப் பார்த்துக் காசை எடுத்து நீட்டினாராம். அன்றிலிருந்து மசூது மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சீசனிலும் அந்தச் சாக்கு எந்த நாளில் போகும் என்று காத்திருக்கத் தொடங்கினார்.

பெரியோர்களே! வந்தவரை அளந்து தைப்பது தையல். வராதவரை எதிர்பார்த்துத் தைப்பதற்கு என்ன பெயர்?

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், 1962-இல், சீருடை வந்த முதல் வருடம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூரிலிருந்து ஒரு தையற்காரர் வந்தார். ஆசிரியைகள்தான் எங்களை அளந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் பெயரும் அளவும் சேர்த்து எழுதிய பட்டியல் அவருடைய கடைக்குப் போயிற்று. துணி மூட்டையின்மேல் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கடையில் உட்கார்ந்திருந்த யாரோ எடுத்து, இன்னார் மகள், இடுப்பு இவ்வளவு என்று பஜாரில் உரக்க வாசித்தார்கள். மறுநாள் பதினொரு பேர் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவர்களில் எட்டுப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. முத்துவடிவு என்னைவிட நன்றாகப் படிப்பாள். அவளுக்கு இப்போது கையில் ஒரு குழந்தை.

அடுத்த வருடம் மறுபடியும் துணி வந்தது. இருநூற்று நாற்பது பேருக்குச் சரியாக இருநூற்று நாற்பது பாவாடைக்கு. எங்கள் வீடுகளில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அளவு எடுத்தால் படிப்பு வேண்டாம். சீருடை இல்லாவிட்டால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நின்றோம். அப்போதுதான் துல்கர்னைன் மாமா குழுவுக்கு முன்னால் போய், பெயரே இல்லாமல் தைத்துத் தருகிறேன் என்றார்.

எப்படி? நாற்பது நூல் வேண்டும் என்றார். அவ்வளவுதான்! வரிசை எண்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி நாற்பது சீட்டு எடுப்பது. அந்த எண்ணுக்குரிய பெண்ணின் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரு நூலைப் பிடித்து வெட்டுவது. பெயர் எழுதக்கூடாது, வகுப்பு எழுதக்கூடாது, நூலை ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவது. பெட்டிக்குள் விழுந்தபின் அது யாருடைய நூல் என்று வெட்டியவளுக்கே தெரியாது. அந்த நூல்களை வெட்டியது யார் என்று ஒரு வருடமாகப் பல வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்தான். இதோ, சொல்லிவிட்டேன்.

ஏன் நான்? மாமா வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. அவர் மனைவி ஹைருன் மாமியிடம் பெட்டியைக் கொடுத்து வாங்க ஒரு பெண் வேண்டியிருந்தது. மாமா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நிமிர்ந்து நின்று அவர் பார்த்ததும் இல்லை. நான் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவர் முன்கட்டில் வெட்டுமேசை அருகில் நின்றுகொண்டு மாமியிடம் சொல்வது போல எனக்குச் சொல்வார். மாமிக்கு அது பாதி புரியாது, பாதி எரிச்சல்.

பெட்டியைக் கொண்டுபோன அன்று நடந்ததைக் கேளுங்கள்! மாமா நாற்பது நூலையும் அங்குலம் அங்குலமாகப் பிரித்து மேசையில் அடுக்கினார். களத்தில் கொட்டிய நெல் எப்படிக் குவியும்? நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிந்து நிற்குமல்லவா? அளவுகளும் அப்படித்தான் குவியும். பெரும்பாலானவர்கள் நடுவில், சிலர் தள்ளி, ஓரிருவர் ரொம்பத் தள்ளி. இயல்நிலைப் பரவல் என்று அதற்குப் பெயர். மாமா அந்தப் பெயரைச் சொன்னதில்லை, குவியல் என்றுதான் சொல்வார். அடுக்கி முடித்து இரண்டு ஓரத்து நூல்களையும் மறுபடி எண்ணினார். பிறகு கேட்டார்.

"ஹைரு, சின்னப் பக்கம் ஆறு நூலு கெடக்கு. பெரிய பக்கம் ரெண்டுதான் கெடக்கு. நடுவுல திம்முனு கெடக்கு. நாலு புள்ளைய எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு கேளு."

"நாப்பது கேட்டிய, நாப்பது இருக்குல்லா? எண்ணிப் பாருங்க."

"எண்ணிக்க சரிதான். ஆளு சரியில்ல. வளத்தியான புள்ள நாலு பேருக்குப் பதிலா வேற நாலு பேரு நூல வெட்டிப் போட்டிருக்கா."

அவர் வகுப்புக்குள் வந்தாரா? எங்களைப் பார்த்தாரா? சீட்டில் வந்தவர்களில் ஒருத்தியின் பெயராவது அவருக்குத் தெரியுமா? ஒன்றும் தெரியாது! ஆனால் நான் செய்ததை நூல்கள் சொல்லிவிட்டன. ஒரு ஆளைக்கூடப் பார்க்காமல் நாலு பேர் காணவில்லை என்று சொல்லிவிட்டார்! அது மூன்றாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், ஆனால் இல்லாமல் இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆமாம், செய்தேன். குடத்திலிருந்து வந்த நாற்பது சீட்டில் நான்கு, எங்கள் கடைசி பெஞ்சுக்காரிகளுடையது. எங்களை வகுப்பில் நெட்டைக் கமுகு என்று கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது உயரத்தைத்தான் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, நாங்கள் நடக்கும்போதே குனிந்து நடக்கப் பழகியவர்கள். நூல்தானே, பெயர் இல்லையே என்று சொன்னாலும் பயம் போகவில்லை. நீளமான நூல் ஒன்று வெளியே போனால் அது யாருடையது என்று ஊரே சொல்லிவிடாதா? அதனால் அந்த நான்குக்குப் பதிலாக நடுத்தர உயரமுள்ள நாலு பேரின் நூலை வெட்டிப் போட்டேன். ஆண்பிள்ளைகளாக இருந்தால் நான்தான் உயரம் என்று நூலை இன்னும் நீட்டி வெட்டியிருப்பார்கள்.

மறுநாள் அந்தக் கடைசி பெஞ்சில் கெஞ்சி மூன்று நூல் வாங்கிப் பெட்டியில் போட்டேன். நாலாவது கிடைக்கவில்லை என்று மாமியிடம் சொன்னேன். முன்கட்டிலிருந்து பதில் வந்தது.

"வரலைன்னா விடு, ஹைரு. வராத புள்ளைக்கும் பாவாடை உண்டுன்னு சொல்லு."

அப்புறம் கணக்கு! எவ்வளவு அழகான கணக்கு என்று எல்லோரும் கேட்க வேண்டும். நூல்களின் சராசரி முப்பத்தாறு அங்குலம். சராசரியிலிருந்து நாங்கள் சிதறியிருக்கும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஒன்றரை அங்குலம். மாமா அதை ஒரு நடை என்பார். நாற்பது அங்குலப் பாவாடை யாருக்கு வேண்டும்? முப்பத்தொன்பதரைக்கு மேல் உள்ளவர்களுக்கு. சராசரியிலிருந்து அவர்கள் எவ்வளவு தூரம்? மூன்றரை அங்குலம். மூன்றரையை ஒன்றரையால் வகுத்தால் இரண்டேகால் நடையும் கொஞ்சமும். இரண்டு புள்ளி மூன்று மூன்று. இப்போது நோட்டைப் பிரித்து, இரண்டு புள்ளி மூன்று மூன்றுக்கு அப்பால் எத்தனை பேர் என்று பார்ப்பது. பத்தாயிரத்தில் தொண்ணூற்றொன்பது பேர்! நூற்றுக்கு ஒருத்தி! அப்படியானால் இருநூற்று நாற்பதில் இரண்டு பேர். இதே வழியில் முப்பத்தாறு அங்குலத்துக்கு அறுபத்திரண்டு பேர். முப்பத்தைந்துக்கும் முப்பத்தேழுக்கும் ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று. முப்பத்துநான்குக்கும் முப்பத்தெட்டுக்கும் இருபத்தேழு, இருபத்தேழு. அதற்கடுத்து ஒன்பது, ஒன்பது. இரண்டு ஓரத்திலும் இரண்டு, இரண்டு. கூட்டிப் பாருங்கள், இருநூற்று நாற்பது! அடுப்பங்கரையில் நான் விரல் விட்டுக் கூட்டி முடித்தபோது கத்திவிட்டேன். மாமி தேள் கடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

பாவாடைகளை வெட்டுவதற்கு முன்பே அந்த எண்களை ஒரு தாளில் எழுதி, மடித்து, செயலாளர் அண்ணாச்சியின் சட்டைப் பையில் வைத்தார் மாமா. கொடுக்கும் நாள் வந்தது. பள்ளியின் பெரிய அறையில் திரை கட்டி, அளவுக்கு ஒரு குவியலாக அடுக்கினார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தனக்குச் சரியானதை எடுத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு யாரும் இல்லை, எழுதுவதற்கும் யாரும் இல்லை. மாமாவும் குழுவும் வெளியே வராந்தாவில். முப்பத்திரண்டு தீர்ந்தது! முப்பத்துநான்கு தீர்ந்தது! நடுக்குவியல் கரைந்து கரைந்து, கடைசி முப்பத்தாறு அந்த அளவுக்கான கடைசிப் பெண்ணுக்குச் சரியாக இருந்தது! ஒரு பெண்ணையும் பார்க்காமல், ஒரு பெயரும் எழுதாமல்! எங்களில் ஒருத்திகூடப் பள்ளியை விட்டு நிற்கவில்லை.

ஆனால் முடிவில் ஒரு சிறு கோளாறு. முப்பத்தெட்டுக் குவியல் ஒருத்திக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. பிச்சம்மாள் வெறுங்கையோடு அழுதுகொண்டு வெளியே வந்தாள். உள்ளே நாற்பது அங்குலப் பாவாடை ஒன்று எடுப்பார் இல்லாமல் கிடந்தது. செயலாளர் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"என்ன வே, கணக்கு ஒண்ணு ஒதைக்கே. இது ஒட்டகத்துக்குத் தச்சதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அதைக் கீழே மடித்துத் தைத்துப் பிச்சம்மாளுக்குக் கொடுத்துவிடும்படி சொன்னார். அதுதானே எளிது? மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"அத மடிக்காதீக அண்ணாச்சி. அதுக்கு உரிய புள்ள இங்கனதான் இருக்கு."

அன்று சாயங்காலமே தன் கடைத் துணியில் பிச்சம்மாளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தார். ஒரு வருடம்! ஒரு வருடமாக பஜாரில் அவரைப் பார்க்கிறவர்கள், ஒட்டகம் வந்துதா என்று கேட்டார்கள். ஒரு நாளாவது பதில் சொன்னாரா? சொல்லவில்லை. கணக்கை விட்டுக்கொடுத்தாரா? கொடுக்கவில்லை!

பெரியோர்களே, தோழிகளே, நான் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். அன்று திரைக்குள் போன நான் நாற்பது அங்குலப் பாவாடையைக் கையில் எடுத்தேன். இடுப்பில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கணுக்காலில் வந்து நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு முப்பத்தெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நாற்பதை எடுத்தால் நான்தான் ஊரிலேயே நெட்டை என்று ஆகிவிடும் என்று பயந்தேன். பிச்சம்மாள் அழுதது என்னால். மாமா கேலிக்கு ஆளானது என்னால். கணக்கு தப்பவில்லை. கணக்குக்கு முன்னால் நின்ற நான்தான் தப்பு செய்தேன். ஒரு வருடம் இரண்டு அங்குலம் குட்டையான பாவாடையில் குனிந்து நடந்தேன். அவர் உயிரோடு இருக்கும்போது வாசலில் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காய்ச்சலில் பத்து நாள் கிடந்தார். அப்போதும் சொல்லவில்லை.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் ஹைருன் மாமி என்னைக் கூப்பிட்டு அந்தத் தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள். அதில் நூல்கள் இருந்தன, அந்த நோட்டு இருந்தது, அடியில் யாரும் எடுக்காத அந்த நாற்பது அங்குலப் பாவாடை இருந்தது. பாவாடையில் குத்தியிருந்த சீட்டில் 'நாலாவது நூலுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. அவருக்குத் தெரிந்திருந்ததா? யாரென்று தெரிந்துதான் மாமியிடம் சொல்லி வைத்தாரா? மாமியிடம் கேட்டேன். "எனக்கென்னட்டி தெரியும், பெட்டிய நீதான கொண்டாந்த, உங்கிட்டதான குடுக்கணும்" என்றார்கள்.

இப்போது ஏன் சொல்கிறேன்? வருகிற திங்கட்கிழமை வெளியூர்த் தையற்காரர் வருகிறார். மாமா இல்லாததால், இந்த வருடம் பெயரோடு பட்டியல் எடுத்துவிடுவதென்று குழு முடிவு செய்திருக்கிறது. அந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து ஏழு பேர் பள்ளிக்கு வரவில்லை. இன்று என் வகுப்பில் ஏழு இடம் காலி. திங்கட்கிழமைக்குப் பிறகு எத்தனை இடம் காலியாக இருக்கும்? அதற்குக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணாச்சி அவர்களே! ஒரே ஒரு வேண்டுகோள். பட்டியல் வேண்டாம். நூல் எடுக்க விடுங்கள். இந்த வருடம் நாங்கள் இருநூற்று அறுபது பேர். மாமாவின் நோட்டை வைத்து நானே கணக்குப் போட்டிருக்கிறேன். இதோ மடித்த தாள், உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறு அங்குலத்துக்கு அறுபத்தேழு பேர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறேன். புது நூல் எடுத்தபின் ஒன்றிரண்டு மாறலாம். மாறினால் திருத்துவேன். இந்த வருடம் சீட்டுக் குலுக்கலில் யார் எண் வந்தாலும் அவள் நூல்தான் பெட்டிக்குப் போகும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வெட்ட மாட்டேன். ஒரு பெயரும் எழுத மாட்டேன். பள்ளியை முடித்துப் போகும்போது நோட்டையும் பெட்டியையும் பத்தாம் வகுப்பில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். துல்கர்னைன் மாமா பெயரால் இது என் வாக்கு.

தோழிகளே, உங்களுடைய மூன்று நூல்களும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவை யாருடையவை என்று நான் சாகும்வரை சொல்ல மாட்டேன். வாப்பா, உம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். நான் இப்போது உடுத்தியிருப்பது அந்தப் பாவாடைதான். மேடைக்கு வந்ததிலிருந்து குனிந்து நின்று படித்தேன். இதோ, நிமிர்ந்துவிட்டேன்.

இன்று காலையில் வெட்டிய நூல் இது. எல்லோரும் பார்க்கப் பெட்டியில் போடுகிறேன். நாற்பது அங்குலம். ஜாஹிராவுடையது.

துல்கர்னைன் மாமா, உங்கள் கணக்கு அன்றைக்கே சரியாக இருந்தது.